பிடியாணை இருந்தால் அரசு உதவி நின்றுவிடுமா?

அமெரிக்காவில் அரசின் உணவு உதவிக்கோ மாத உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கிறீர்கள். அல்லது படிவம் நிரப்பத் தெரியாத ஒருவருக்காக நீங்கள் நிரப்பிக் கொடுக்கிறீர்கள். பல மாநிலங்களின் படிவத்தில் பாதிவழியில் ஒரு கேள்வி வரும்: வீட்டில் யாராவது பெருங்குற்ற வழக்கிலிருந்து தப்பி ஓடிக்கொண்டிருக்கிறாரா?

பலர் அந்த இடத்தில் திகைத்துப் போகிறார்கள். எப்போதோ நீதிமன்றத்துக்குப் போகத் தவறிய ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. அபராதம் கட்டாமல் விட்ட ஒரு போக்குவரத்துச் சீட்டு நினைவுக்கு வருகிறது. விண்ணப்பித்தால் போலீஸ் வீட்டுக்கு வந்துவிடுமோ என்று பயந்து, உரிய உதவியையே கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அப்படிப் பயப்படத் தேவையில்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிடியாணை என்றால் என்ன? ஒருவரைக் கைது செய்து கொண்டுவரும்படி நீதிமன்றம் போடும் உத்தரவு. நம்மில் பலர் வாரண்ட் என்றே சொல்கிறோம். கொலை, கொள்ளைக்கு மட்டும்தான் வாரண்ட் என்று நினைக்காதீர்கள். வாய்தாவுக்கு வராமல் போனாலும் நீதிபதி வாரண்ட் போடுவார். அது பொதுவாகத் தானாகக் காலாவதி ஆகிவிடாது. நீதிமன்றம் திரும்பப் பெறும்வரை இருபது, முப்பது ஆண்டுகள்கூடப் பதிவேட்டில் கிடக்கும். தன் பெயரில் வாரண்ட் இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முதுமை அடைந்தவர்கள் உண்டு.

இதற்கும் அரசு உதவிக்கும் எப்படி முடிச்சுப் போட்டார்கள்? 1996 ஆகஸ்டு 22 அன்று அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தில் இது தொடங்கியது. ஃபெலனி (பொதுவாக ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க பெருங்குற்றம்) வழக்கிலிருந்தோ தண்டனையிலிருந்தோ தப்பி ஓடுகிறவருக்கு உதவி கிடையாது என்றது அந்தச் சட்டம். புரபேஷன் (சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பு), பரோல் (தண்டனை முடியுமுன் நிபந்தனையோடு விடுதலை) ஆகியவற்றின் நிபந்தனையை மீறியவருக்கும் கிடையாது என்றது.

எந்தெந்த உதவிகள்? முக்கியமாக மூன்று. முதலாவது ஸ்னாப் (மளிகை வாங்க அட்டையில் ஏற்றித் தரும் உணவு உதவி). இதைச் சுமார் 4 கோடிப் பேர் பெறுகிறார்கள். இரண்டாவது எஸ்.எஸ்.ஐ. (வருமானம் மிகக் குறைந்த முதியோர், பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகளுக்கான மாதத் தொகை). மூன்றாவது டானஃப் (பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவி). அரசுக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றவும் தப்பி ஓடுவது ஒரு காரணமாக்கப்பட்டது. 2004இல் வந்த இன்னொரு சட்டம், உழைத்த காலத்தில் வரி கட்டிச் சம்பாதித்த சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கும் இதே தடையை நீட்டியது. அது 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

குற்றவாளிக்கு அரசுப் பணம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொலை செய்துவிட்டு ஒளிந்திருப்பவனுக்கு மக்கள் வரிப்பணத்தில் சோறு போட யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் சட்டத்தில் இருக்கும் சொல் ‘தப்பி ஓடுதல்’. ஓடுவதென்றால் தன்னைத் தேடுகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பிடிபடக்கூடாது என்ற எண்ணம் வேண்டும். அலுவலகங்கள் பல ஆண்டுகள் இதைப் பார்க்கவே இல்லை. கணினியில் இரண்டு பட்டியல்களைப் பொருத்திப் பார்த்தன. வாரண்ட் பட்டியலில் பெயர் இருந்தால் ஓடுகிறவர் என்று முடிவுகட்டி உதவியை நிறுத்தின.

அப்படி நிறுத்தப்பட்டவர்கள் யார்? கலிஃபோர்னியாவில் தொடரப்பட்ட ஒரு வழக்கைச் சொல்கிறேன். உடல்நலம் குன்றி அரசு உதவித்தொகையில் வாழ்ந்த ஒரு பெண்மணிக்கு 2008இல் தொகை நின்றது. 1980இல் ஃபுளோரிடா மாநிலத்து மயாமியில் அவர் பெயரில் போதைப்பொருள் வழக்கு வாரண்ட் போடப்பட்டதாம். அது அவரே அல்ல, அதே பெயருள்ள வேறொருவர். இரண்டு பேருக்கும் உயரத்திலேயே எட்டு அங்குலம் வித்தியாசம். ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

அவருடைய வழக்கு அதே நிலையில் இருந்த எல்லோருக்குமான வழக்காக வளர்ந்தது. மார்டினெஸ் எதிர் ஆஸ்ட்ரூ என்று அதற்குப் பெயர். ஆஸ்ட்ரூ அப்போதைய சமூகப் பாதுகாப்பு ஆணையர். 2009இல் சமரசம் ஏற்பட்டது. இனிமேல் வாரண்ட் இருக்கிறது என்பதற்காக மட்டும் தொகையை நிறுத்தமாட்டோம் என்று, எஸ்.எஸ்.ஐ.யையும் ஓய்வூதியத்தையும் வழங்கும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஒப்புக்கொண்டது. வாரண்டில் போட்டிருக்கும் குற்றக் குறியீடு 4901, 4902, 4999 என்ற மூன்றில் ஒன்றாக இருந்தால்தான் நிறுத்தலாம். காவலிலிருந்து தப்புவது, வழக்குக்கோ சிறைக்கோ பயந்து ஓடுவது ஆகியவற்றுக்கான குறியீடுகள் அவை. இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.ஐ., சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் இரண்டிலும் அலுவலகத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘வாரண்டின் குறியீட்டு எண் என்ன?’ என்பதுதான்.

இதற்கு முன்பே, 2005இல், நியூயார்க் உள்ளிட்ட மூன்று மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபோல்க்ஸ் வழக்கில் இதையே சொல்லிவிட்டது: ஓடும் எண்ணம் இருந்ததாகத் தெரியாமல் ஒருவரைத் தப்பி ஓடுகிறவர் என்று சொல்ல முடியாது. அதே நீதிமன்றம் 2010இல் கிளார்க் வழக்கில் இன்னொரு படி போனது. நிபந்தனையை மீறினார் என்று சந்தேகித்து வாரண்ட் போடுவது வேறு, உண்மையில் மீறினார் என்று முடிவு செய்வது வேறு என்றது. அதன்பின் புரபேஷன், பரோல் வாரண்டை மட்டும் வைத்துத் தொகையை நிறுத்துவதையும் நிர்வாகம் கைவிட்டது.

உணவு உதவியில் என்ன விதி? இதில் விதி இன்னும் தெளிவாக இருக்கிறது, ஆனால் தெரிந்தவர்கள் குறைவு. ஸ்னாப்பை நடத்தும் வேளாண்மைத் துறை 2015 செப்டம்பரில் வெளியிட்ட விதிப்படி, ஒருவரைத் தப்பி ஓடுகிறவர் என்று சொல்ல நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். பெருங்குற்றத்துக்கான வாரண்ட் நிலுவையில் இருக்க வேண்டும். அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி ஒன்று வரும் என்று எதிர்பார்த்திருக்கக்கூடிய நிலையில் அவர் இருந்திருக்க வேண்டும். கைதாகாமல் இருக்க அவர் ஏதாவது செய்திருக்க வேண்டும். நான்காவது, போலீஸ் அவரை உண்மையிலேயே தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் உதவியை நிறுத்த முடியாது. இதற்கு ஒரே மாற்றுவழி, மேலே சொன்ன மூன்று குறியீடுகளில் ஒன்றைக் கொண்ட வாரண்டைப் போலீஸ் அதிகாரியே கொண்டுவந்து காட்டுவது.

‘உண்மையிலேயே தேடுவது’ என்பதை எப்படி அளப்பார்கள்? உதவி அலுவலகம் போலீசுக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் சொல்ல 20 நாள் தர வேண்டும். 30 நாளுக்குள் அவரைக் கைது செய்யப்போவதாகப் போலீஸ் சொன்னால் அலுவலகம் அந்த 30 நாளும் காத்திருக்க வேண்டும். அதற்குள் போலீஸ் ஒன்றும் செய்யவில்லை என்றால் அவர் தப்பி ஓடுகிறவர் அல்ல, விஷயம் அத்தோடு முடிந்தது. போலீஸ் பதிலே தராவிட்டாலும் அப்படித்தான்.

அந்தக் காத்திருப்பில் என் விண்ணப்பம் தூங்குமா என்று கேட்பீர்கள். தூங்கக்கூடாது. ஸ்னாப் விண்ணப்பத்தை 30 நாளுக்குள் முடிக்க வேண்டும், கையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத நிலையில் இருப்பவர்களுக்கு 7 நாளுக்குள். போலீசிடமிருந்து பதில் வரவில்லை என்பதைக் காரணம் காட்டித் தாமதிக்க முடியாது. கெடு வந்துவிட்டால் வாரண்ட் விஷயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு விண்ணப்பத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது விதி.

இந்த விதி வருமுன் மிச்சிகனில் என்ன நடந்தது தெரியுமா? மாநில போலீஸ் பட்டியலோடு கணினி பெயரைப் பொருத்தியது, பொருந்தியவர்களின் உதவி தானாக நின்றது. மனவளர்ச்சிக் குறைபாடுள்ள ஒருவருக்கும் அப்படி நின்றது. யாரோ ஒருவன் அவர் பெயரையும் அடையாளத்தையும் திருடிப் பயன்படுத்தியிருந்தான். வாரண்ட் அந்தத் திருடனுக்கானது. வந்த கடிதத்திலோ எந்த ஊர், எந்த வழக்கு, எப்போது என்ற விவரமே இல்லை. எதை மறுக்க வேண்டும் என்று தெரியாமல் மனிதர் எப்படி மறுப்பார்? பேரி எதிர் லையன் என்ற அந்த வழக்கில் 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் நடைமுறை சட்டவிரோதம் என்று உறுதி செய்தது. பெயர் பொருந்துவது போதாது, கடிதத்தில் காரணமும் விளக்கமாக இருக்க வேண்டும் என்றது. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்களின் சாப்பாட்டுக் காசு நின்றுபோயிருந்தது. எனக்கு இதில் தாங்க முடியாதது, சந்தேகத்தின் சுமையைத் தூக்கவே முடியாதவர்கள் தலையில் அது ஏற்றப்பட்டதுதான்.

பெயர்க் குழப்பம் தமிழர்களுக்கும் வரக்கூடியது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு பக்கம், ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு பக்கம், சமூகப் பாதுகாப்பு அட்டையில் வெறும் இனிஷியல் என்று கிடக்கும். குமாரும் ராஜாவும் எத்தனை பேர்! எல்லா ஆவணத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கும்படி திருத்தி வைத்துக்கொள்வது நல்லது. பிறந்த தேதியும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் விண்ணப்பத்தில் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். தவறான பொருத்தத்தை உடைக்க அவைதான் கைகொடுக்கும்.

அலுவலகம் என்னைப் போலீசிடம் காட்டிக்கொடுக்குமா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு போலீஸ் அதிகாரி, தேடப்படுகிறவரின் பெயரைக் கொடுத்து முறைப்படி கேட்டால் ஸ்னாப் அலுவலகம் அவருடைய முகவரி, சமூகப் பாதுகாப்பு எண், இருந்தால் புகைப்படம் ஆகியவற்றைத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 1997இல் தொடங்கிய ‘ஆபரேஷன் டேலன்’ என்ற நடவடிக்கையில் உணவு உதவிப் பதிவுகளைக் கொண்டு முகவரி கண்டுபிடித்து ஆயிரக்கணக்கானவர்களைக் கைது செய்தார்கள். சில இடங்களில் உதவி அலுவலகத்துக்கே வரவழைத்துப் பிடித்தார்கள். ஆகவே கடுமையான வழக்கு ஒன்று உண்மையிலேயே நிலுவையில் இருந்தால், விண்ணப்பிக்கும் முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள். கட்டாத அபராதமும் சிறு குற்ற வழக்கும் பொதுவாக இந்த விதிக்குள் வராது.

படிவத்தின் அந்தக் கேள்விக்கு என்ன எழுதுவது? உண்மையை. ஆனால் கேள்வியை நிதானமாகப் படியுங்கள். ‘பெருங்குற்ற வழக்கிலிருந்து தப்பி ஓடுகிறீர்களா’ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். போக்குவரத்து அபராதத்தை நினைத்துக்கொண்டு ‘ஆம்’ என்று எழுதிச் சிக்கலை நீங்களே வரவழைக்காதீர்கள். தெரிந்தே பொய் சொல்வதும் கூடாது. ஸ்னாப்பில் வேண்டுமென்றே ஏமாற்றியதாக முடிவானால் முதல் முறை ஓராண்டும் இரண்டாம் முறை இரண்டு ஆண்டுகளும் தடை. மூன்றாம் முறை நிரந்தரத் தடை. எப்படிப் பதில் சொல்வதென்று தெரியாவிட்டால் சட்ட உதவி அலுவலகத்தில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

வீட்டில் ஒருவர் மேல் தடை வந்தால் மற்றவர்கள் பட்டினியா? இல்லை. தடை அந்த ஒருவருக்குத்தான். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் உணவு உதவியைத் தொடர்ந்து பெறலாம். ஆனால் தொகை குறையும். கணக்குப் போடும்போது தடைபட்டவரை ஒரு வயிறாக எண்ணமாட்டார்கள், அவருடைய சம்பளத்தை மட்டும் முழுவதுமாகக் குடும்ப வருமானத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இது தெரியாமல் வீடே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் இழப்பு பிள்ளைகளுக்கு.

டானஃப் பற்றி ஒரு வார்த்தை. அது மாநிலங்கள் நடத்தும் திட்டம், ஸ்னாப்பின் நான்கு நிபந்தனைகள் அதற்குத் தானாகப் பொருந்தாது. உங்கள் மாநில விதியைத் தனியாகக் கேட்டறியுங்கள்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ‘உங்கள் பெயரில் வாரண்ட் உள்ளது, உதவியை நிறுத்தப்போகிறோம்’ என்று கடிதம் வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில், கடிதத்தின் தேதியைப் பாருங்கள். எஸ்.எஸ்.ஐ. என்றால் மேல்முறையீடு செய்ய, கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 60 நாள் உண்டு. ஆனால் 60 நாள் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்தால்தான் முடிவு வரும்வரை பணம் தொடர்ந்து வரும். தேதியிட்ட ஐந்தாம் நாள் கடிதம் உங்களுக்குக் கிடைத்ததாக அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அங்கிருந்து 10 நாள் எண்ணுங்கள். ஸ்னாப்பிலும் இதே போலத்தான்: விசாரணை கேட்க 90 நாள் உண்டு, ஆனால் உதவி நிற்காமல் தொடர வேண்டுமென்றால் கடிதத்தில் சொல்லியிருக்கும் நிறுத்தத் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும். அது பெரும்பாலும் 10 நாள்தான். 2025இல் எஸ்.எஸ்.ஐ. தனி ஒருவருக்கு அதிகபட்சம் மாதம் 967 டாலராக இருந்தது. அதை நம்பி வாடகை கொடுப்பவருக்கு ஒரு மாதம் நின்றாலே வீடு போய்விடும்.

தோற்றுவிட்டால் தொடர்ந்து வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்களா? கேட்கலாம். எஸ்.எஸ்.ஐ.யில் அப்போதும் வழி இருக்கிறது. தவறு உங்களுடையதல்ல, திருப்பித் தரும் வசதியும் இல்லை என்று சொல்லித் தள்ளுபடி கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்தப் பயத்துக்காக மேல்முறையீட்டையே விட்டுவிட வேண்டாம்.

அடுத்து, வாரண்டின் விவரத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த மாநிலம், எந்த நீதிமன்றம், என்ன குற்றம், எந்த ஆண்டு, என்ன குறியீடு. அது நீங்களே அல்ல என்றால் பிறப்புச் சான்றிதழ், அந்தக் காலத்தில் நீங்கள் வேறு ஊரில் இருந்ததைக் காட்டும் பள்ளி, வேலை, மருத்துவமனை ஆவணம், விரல்ரேகை ஒப்பீடு எதுவும் உதவும். அடையாளத் திருட்டால் வந்த தவறு, வழக்கு தள்ளுபடி, விடுதலைத் தீர்ப்பு, ரத்தான வாரண்ட் ஆகியவற்றில் ஒன்றை நிரூபித்தால் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் தொகையைத் திரும்பத் தந்தே ஆக வேண்டும் என்று 2004 சட்டமே கூறுகிறது. வன்முறையோ போதைப்பொருளோ இல்லாத வழக்கு என்றால், தணிக்கும் காரணங்களைப் பார்த்துத் தொகை தரும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு.

வாரண்ட் உங்களுடையதுதான் என்றால்? தனியாகக் காவல் நிலையத்துக்குப் போய் ‘என் பெயரில் வாரண்ட் இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். அங்கேயே கைது செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வாரண்ட் போட்ட ஊரின் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தை (வசதியில்லாதவருக்காக வாதாட அரசு சம்பளத்தில் இருக்கும் வக்கீல்கள், குற்றஞ்சாட்டும் தரப்பு வக்கீல் அல்ல) முதலில் தொலைபேசியில் கூப்பிடுங்கள். பழைய, சிறிய வழக்குகளில் வக்கீல் மனுப்போட்டே வாரண்டைத் திரும்பப் பெற வைத்ததுண்டு.

வாரண்ட் தொலைவில் வேறு மாநிலத்தில் இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். பயணச் செலவும் காவலர் செலவும் ஆகும் என்பதால், ஆளை அழைத்துப்போக அந்த ஊர் போலீஸ் விரும்பாது. இவரிடமோ போய்ச் சரணடையப் பேருந்துக் காசுகூட இருக்காது. பிடிக்கவும் வரமாட்டார்கள், வாரண்டையும் எடுக்கமாட்டார்கள், உதவியும் நின்றுவிடலாம். இந்த நிலையில் உள்ளவர்கள், ‘இவரை அழைத்துவர எங்களுக்கு உத்தேசம் இல்லை’ என்று அந்தப் போலீசிடமிருந்தே ஒரு கடிதம் வாங்க முயல வேண்டும். ஸ்னாப் விசாரணையில் அது பலமான சான்று. போலீஸ் தேடவில்லை என்பதைப் போலீசே எழுதிக் கொடுத்தது போல ஆகும்.

இந்த விதிகள் இனி மாறாதா? மாறலாம். எஸ்.எஸ்.ஐ.யில் ஓடும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெருங்குற்ற வாரண்ட் இருந்தாலே தொகையை நிறுத்த வேண்டும் என்ற மசோதா 2017 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் நிறைவேறாததால் சட்டமாகவில்லை. அப்படி ஒன்று சட்டமாகக்கூடாது என்பதே என் கருத்து. தேடப்படும் கொடிய குற்றவாளிகளைப் பிடிக்கப் போலீசுக்கு முகவரி தரும் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. உதவியை நிறுத்துவதால் அகப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஓடவே முடியாதவர்கள்.

உங்களுக்கோ நீங்கள் உதவும் ஒருவருக்கோ இப்படிக் கடிதம் வந்தால் அன்றைக்கே 211 என்ற எண்ணைக் கூப்பிட்டு, அருகிலுள்ள இலவசச் சட்ட உதவி அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். சமூகப் பாதுகாப்பு அலுவலகமும் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரும். கடிதத்தையும் உறையையும் பத்திரமாக வைத்திருங்கள், பத்து நாளைத் தவறவிடாதீர்கள்.